பெண்களின் தொடையிடுக்கு வீக்கம்: மறைப்பதால் வரும் கேடு



ஆலயத்தில் பூத்தொடுத்து, கோலமிட்டு, அன்னதானத்திற்குக் காய்கறி நறுக்கிக் கொடுக்கும் தாய்மார்களை நாம் அனைவரும் அறிவோம். முழங்கால் வலி, இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு ஆகியவற்றைப் பற்றி அவர்கள் தங்களுக்குள் தாராளமாகப் பேசிக்கொள்வார்கள். ஆனால், அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில் ஒரு சிறு கட்டி தோன்றிவிட்டால் பேச்சு நின்றுவிடும். கணவரிடமும் சொல்வதில்லை, பெற்ற மகளிடமும் சொல்வதில்லை. "சூட்டுக் கட்டிதான், தானா அமுங்கிடும்" என்று விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். சேலை அதனை மறைத்துவிடுகிறது.

இந்த மௌனத்திற்கு வெட்கம் ஒரு காரணம். வேறு இரண்டு தவறான எண்ணங்களும் உண்டு. "ஹெர்னியா எனப்படும் குடலிறக்கம் ஆண்களுக்கு மட்டுமே வரும்" என்பது ஒன்று. "வலிக்காத கட்டியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை" என்பது மற்றொன்று. இவை இரண்டும் உண்மையல்ல. பெண்களின் தொடையிடுக்கு வீக்கத்திற்கு நாம் கேள்விப்படாத காரணங்கள் பல உள்ளன. அவற்றுள் சிலவற்றிற்குச் சிகிச்சையே தேவைப்படாது. சிலவற்றிற்குச் சிறிய அறுவை சிகிச்சை போதும். மிகச் சில, காலம் தாழ்த்தினால் உயிருக்கே ஆபத்தாக முடியும். எது எந்த வகை என்பதைத் தொட்டுப் பார்த்து நாமே முடிவு செய்ய இயலாது என்பதே இக்கட்டுரையின் சாரம்.

தொடையிடுக்கின் அமைப்பு

இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து அடிவயிற்றின் கீழ்நடுவில் உள்ள எலும்பு வரை ஒரு தசைநார் சாய்வாக ஓடுகிறது. அதுதான் வயிற்றுக்கும் தொடைக்கும் எல்லைக்கோடு. அந்தக் கோட்டிற்குச் சற்று மேலே, வயிற்றுச் சுவரினூடே ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குறுகிய வழி உண்டு. ஆண்களுக்கு விந்துக் குழாய் இவ்வழியே செல்கிறது. பெண்களுக்குக் கருப்பையைப் பிடித்திருக்கும் ஒரு நாண் இவ்வழியே வந்து பிறப்புறுப்பின் வெளி உதட்டில் முடிகிறது. இதனைக் கருப்பையின் வட்ட நாண் என்பர்.

எல்லைக்கோட்டிற்குக் கீழே, தொடைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்களுக்கு அருகில் இன்னொரு சிறு இடைவெளி இருக்கிறது. பெண்களின் இடுப்பெலும்பு அகன்றிருப்பதால் இவ்விடைவெளியும் சற்று அகலமானது. காலிலிருந்து வரும் சிரைகளும், நாம் "நெறி" என்று சொல்லும் நிணநீர் முடிச்சுகளும் இதே இடத்தில்தான் உள்ளன. கைக்குட்டை அளவுள்ள ஓர் இடத்தில் இத்தனை உறுப்புகள் நெருங்கியிருப்பதால், மேலே தெரியும் வீக்கம் எதிலிருந்து வந்தது என்று கண்டறிவது மருத்துவருக்கே சவாலாகும்.

அடிக்கடி காணப்படும் காரணங்கள்

அரிய காரணங்களைப் பார்க்கும் முன், பொதுவான மூன்றைத் தெரிந்துகொள்வோம்.

முதலாவது, நெறி கட்டுதல். காலில் புண், சேற்றுப்புண், பூச்சிக்கடி, பிறப்புறுப்பில் தொற்று ஆகியவை இருந்தால் நெறி வீங்கி வலிக்கும். மூல காரணத்தைக் குணப்படுத்தினால் சில வாரங்களில் வற்றிவிடும். ஆனால் வலியின்றிக் கல்போல் இறுகி, நாளுக்கு நாள் பெரிதாகும் நெறி வேறு வகையைச் சேர்ந்தது. காசநோய், நிணநீர்ப் புற்று, பிறப்புறுப்பு, ஆசனவாய், கால்தோல் ஆகியவற்றில் தோன்றிய புற்று என்பவற்றின் முதல் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

இரண்டாவது, எல்லைக்கோட்டிற்கு மேலே வரும் குடலிறக்கம். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வின்படி, வாழ்நாளில் இதற்காக அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் வாய்ப்பு ஆண்களுக்கு 27 விழுக்காடு; பெண்களுக்கு 3 விழுக்காடு. குறைவுதான், ஆயினும் நூறு பெண்களில் மூவர் என்பது இல்லை என்று ஒதுக்கத்தக்க எண்ணிக்கையன்று.

மூன்றாவது, எல்லைக்கோட்டிற்குக் கீழே வரும் தொடைக் குடலிறக்கம். இது பெண்களையே, அதிலும் வயது முதிர்ந்த பெண்களையே அதிகம் நாடுகிறது. பெரும்பாலும் கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கும். இருமினால் துள்ளாது, படுத்தாலும் முழுமையாக உள்ளே போகாது. எனவே பலர் இதனை நெறி என்றே நினைத்துவிடுகின்றனர். ஆனால் வழி குறுகியதாக இருப்பதால் உள்ளே நுழைந்த குடல் எளிதில் நெரிபட்டுவிடும். 1991ஆம் ஆண்டு வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, தொடைக் குடலிறக்கம் தோன்றிய 3 மாதங்களுக்குள் குடல் நெரிபடும் வாய்ப்பு 22 விழுக்காடு என்றும், 21 மாதங்களில் அது 45 விழுக்காடாக உயர்கிறது என்றும் கணக்கிட்டது. மேற்புறக் குடலிறக்கத்திற்கு அதே ஆய்வு தந்த கணக்கு 3 மாதங்களில் 2.8 விழுக்காடு, 2 ஆண்டுகளில் 4.5 விழுக்காடு. வலியில்லை என்று காத்திருப்பது ஏன் தவறு என்பதற்கு இவ்வெண்களே சான்று.

அரிய காரணங்கள்

1. நக் கால்வாயில் நீர் கட்டுதல்

கருவில் இருக்கும் பெண் குழந்தைக்கு, வயிற்றின் உட்சவ்வு வட்ட நாணுடன் சேர்ந்து ஒரு சிறு விரல்போல் வெளியே நீளும். வழக்கமாக இது பிறப்பதற்கு முன்போ, முதல் வயதிற்குள்ளோ மூடிக்கொள்ளும். ஹாலந்து நாட்டு உடற்கூற்று வல்லுநர் அன்டன் நக் என்பவர் 1691ஆம் ஆண்டு இதனை விவரித்ததால், இதற்கு நக் கால்வாய் என்று பெயர். சிலருக்கு இது மூடாமல் நின்று, பிற்காலத்தில் அதில் நீர் தேங்கி நீர்ப்பையாகிறது. மென்மையாக, பெரும்பாலும் வலியின்றி இருக்கும். அமுக்கினாலும் உள்ளே போகாது. ஆண்களுக்கு வரும் விரைவீக்கத்திற்கு ஒப்பானது இது. ஸ்கேனில் நீர் நிறைந்த பை தெளிவாகத் தெரியும். நீர்ப்பையை அகற்றி, வழியையும் அடைப்பதே சிகிச்சை. ஊசியால் நீரை மட்டும் எடுத்தால் மீண்டும் நிரம்பக்கூடும். இதனுடன் குடலிறக்கமும் சேர்ந்திருப்பது உண்டு என்பதால் அறுவை மருத்துவர் அதையும் பார்ப்பார்.

2. பெண் குழந்தைகளுக்குச் சினைப்பை இறங்குதல்

அதே நக் கால்வாய் வழியாகக் கைக்குழந்தைகளுக்குச் சினைப்பை இறங்கிவிடுவது உண்டு. குளிப்பாட்டும்போது தொடையிடுக்கிலோ, பிறப்புறுப்பின் உதட்டிலோ பாதாம் பருப்பளவில் உருளும் ஒரு கட்டி தட்டுப்படும். குழந்தை அழாமல் சிரித்துக்கொண்டும் இருக்கும். ஆனாலும் அலட்சியம் கூடாது. இறங்கிய சினைப்பை முறுக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்று கெட்டுவிடும். பிற்காலத் தாய்மையைப் பாதிக்கக்கூடிய இழப்பு அது. ஆகவே, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிமார் எவரும் இதனைத் தேய்த்து உள்ளே தள்ள முயலக்கூடாது. தாமதமின்றிக் குழந்தை அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

3. கர்ப்ப காலத்தில் வட்ட நாணின் சிரைகள் புடைத்தல்

கருவுற்ற பெண்ணுக்கு நடுமாதங்களிலோ, கடைசி மாதங்களிலோ தொடையிடுக்கு வீங்கினால் வீட்டில் அனைவரும் பதறிவிடுவர். பெரும்பாலும் இது குடலிறக்கமன்று. வட்ட நாணைச் சுற்றியுள்ள சிரைகள் புடைத்துக்கொள்வதுதான். நின்றால் பெரிதாகும், படுத்தால் குறையும். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் உண்மை விளங்கிவிடும். இதற்கு அறுவை சிகிச்சை தேவையில்லை. பிள்ளை பிறந்த பின் சில வாரங்களில் தானே வற்றிவிடும். ஸ்கேன் செய்யாமல் குடலிறக்கம் என்று கருதிக் கர்ப்பிணிக்குத் தேவையற்ற அறுவை செய்வதைத் தவிர்க்கவே இந்நிலையை அறிந்திருக்க வேண்டும்.

4. மாதவிலக்குடன் வலித்து வீங்கும் கட்டி

கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதை எண்டோமெட்ரியோசிஸ் என்பர். அரிதாக அது வட்ட நாண் வழியே தொடையிடுக்கிலும் வளரும், பெரும்பாலும் வலப்பக்கத்தில்தான். மாதவிலக்கு நாட்களில் கட்டி பெரிதாகி வலித்து, பிறகு தணிவது இதன் அடையாளம். ஆனால் எல்லாருக்கும் இவ்வாறு மாதந்தோறும் மாறுவதில்லை. எனவே கட்டி தோன்றிய நாளையும், வலித்த நாளையும் மாதவிலக்குத் தேதியுடன் சேர்த்து ஒரு நாட்காட்டியில் குறித்துச் சென்றால் மருத்துவருக்குப் பேருதவியாகும். கட்டியை அதைச் சூழ்ந்த திசுவுடனும், பாதிக்கப்பட்ட நாண் பகுதியுடனும் அகற்றுவது சிகிச்சை. வயிற்றுக்குள்ளும் இந்நோய் இருக்கக்கூடும் என்பதால் மகப்பேற்று மருத்துவரும் உடன் பார்ப்பது நல்லது; ஹார்மோன் மருந்தும் தேவைப்படலாம்.

5. குடலிறக்கப் பைக்குள் குடல்வால்

குடலிறக்கப் பைக்குள் சில வேளைகளில் குடல்வால் புகுந்துவிடும். தொடைக் குடலிறக்கத்தில் குடல்வால் இருப்பதைப் பாரிஸ் நகர அறுவை மருத்துவர் தெ காரன்ஷோ 1731ஆம் ஆண்டு விவரித்தார். மேற்புறக் குடலிறக்கத்தில் சிக்கியிருந்த குடல்வாலை லண்டனில் கிளாடியஸ் அமியாண்ட் என்பவர் 1735ஆம் ஆண்டு ஒரு சிறுவனுக்கு அகற்றினார். அவர்கள் பெயராலேயே இவை இன்றும் வழங்கப்படுகின்றன. முதல் வகை பெண்களுக்கே மிகுதி. உள்ளே குடல்வால் அழற்சியுற்றால் கட்டி சிவந்து வலிக்கும்; சீழ்க்கட்டி போலத் தோன்றும். சீழ் என்று எண்ணி அதனைக் கீறுவது ஆபத்தாகும். சி.டி. ஸ்கேன் உதவும். குடல்வாலை நீக்கி இடைவெளியை அடைப்பது சிகிச்சை.

6. சிரை சேருமிடத்தில் புடைப்பு

காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லும் பெண்களுக்கு, அந்தச் சிரை தொடையின் மேற்பகுதியில் பெரிய சிரையுடன் சேரும் இடத்தில் மென்மையான, சற்று நீலம் பாய்ந்த புடைப்பு ஒன்று ஏற்படலாம். படுத்தவுடன் முற்றிலும் மறைந்துவிடும். குடலிறக்கம் என்று கருதிக் கத்தி வைத்தால் கடுமையான இரத்தப்போக்கு ஏற்படும். இதனையும் டாப்ளர் ஸ்கேன் காட்டிக்கொடுக்கும். சிரைக்கு உரிய சிகிச்சையே இதற்கும் சிகிச்சை.

7. முதுகெலும்பிலிருந்து இறங்கும் சீழ்

முதுகெலும்பில் காசநோய் தொற்றினால், சீழ் தசையின் வழியே மெல்ல இறங்கித் தொடையிடுக்கில் வந்து நிற்கும். முதுகுவலி, மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, காலை நீட்டும்போது வலி ஆகியவை உடனிருக்கும். சீழை வெளியேற்றுவதோடு, காசநோய் மருந்தைப் பல மாதங்கள் விடாமல் உட்கொள்ள வேண்டும்.

8. வெளியே தெரியாத இறக்கம்

மெலிந்த, முதிய பெண்மணிகளுக்கு இடுப்பெலும்பின் ஒரு துளை வழியே குடல் இறங்குவதுண்டு. இது ஆழத்தில் இருப்பதால் பெரும்பாலும் வீக்கம் தெரியாது. உள்தொடையில் தொடங்கி முழங்கால் வரை ஓடும் வலியும், விட்டு விட்டு வரும் வயிற்று வலியும் வாந்தியுமே அடையாளம். மூட்டுவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் மெலிந்த பாட்டிக்கு வாந்தியும் வயிற்று உப்புசமும் சேர்ந்தால், இதனை நினைவில் கொள்ள வேண்டும். சி.டி. ஸ்கேன் மூலம் கண்டறிந்து அறுவை சிகிச்சை செய்வார்கள்.

இவையன்றி வட்ட நாணில் கொழுப்புக் கட்டி, தசைக் கட்டி ஆகியவையும் அரிதாகத் தோன்றும்.

மருத்துவர் எவ்வாறு கண்டறிகிறார்?

முதலில் கேள்விகள். கட்டி எப்போது வந்தது? நின்றால் பெரிதாகிறதா? படுத்தால் மறைகிறதா? மாதவிலக்குடன் மாறுகிறதா? கர்ப்பமா? காலில் புண் உண்டா? எடை குறைந்ததா? இக்கேள்விகளுக்குக் கூச்சமின்றி விடை தந்தால் பாதி நோய் புலப்பட்டுவிடும்.

அடுத்து உடற்பரிசோதனை. நிற்க வைத்தும், படுக்க வைத்தும், இரும வைத்தும் பார்ப்பார். படுக்க வைத்து மட்டும் பார்த்தால் சில வீக்கங்கள் தப்பிவிடும். ஆகவே, "நின்னாதான் தெரியுது, டாக்டர்" என்று நோயாளியே சொல்லலாம்.

பின்னர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கதிர்வீச்சு இல்லாததால் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் ஏற்றது. முக்கச் செய்து பார்க்கும்போது குடல் இறங்குவதும், டாப்ளரில் இரத்த ஓட்டமும் தெரியும். தெளிவு போதாவிடில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அவசர நிலையில் சி.டி. ஸ்கேன். ஊசியிட்டுத் திசு எடுப்பது ஸ்கேனுக்குப் பின்னரே. கட்டி என்று நினைப்பது குடலாகவோ இரத்தக் குழாயாகவோ இருந்துவிடலாம் அல்லவா?

குடலிறக்கம் என்று உறுதியானால், பெண்களுக்குக் காலம் தாழ்த்தாமல் அறுவை செய்வதே நல்லது என்று ஹெர்னியா வல்லுநர்கள் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட அனைத்துலக வழிகாட்டி கூறுகிறது. வசதியும் தேர்ந்த மருத்துவரும் இருக்குமிடத்தில், சிறு துளைகள் வழியே செய்யும் லேப்பராஸ்கோப்பி முறையை அது பரிந்துரைக்கிறது. காரணம் உண்டு. சுவீடன் நாட்டுப் பதிவேட்டை ஆராய்ந்து 2005ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவின்படி, மேற்புறக் குடலிறக்கத்திற்கு அறுவை செய்து, பிறகு மீண்டும் அறுவைக்கு வந்த பெண்களில் 41.6 விழுக்காட்டினருக்கு இருந்தது தொடைக் குடலிறக்கமே. ஆண்களில் அது 4.6 விழுக்காடுதான். முதல் முறை பார்க்கும்போதே கீழ்ப்புற இடைவெளியையும் பார்த்திருந்தால் சிலருக்கேனும் இரண்டாம் அறுவை தேவைப்பட்டிராது. உட்புறமிருந்து பார்க்கும்போது இரு இடங்களும் ஒருங்கே தெரியும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• வீக்கம் திடீரென இறுகி, கடுமையாக வலித்தல்
• முன்பு உள்ளே போன வீக்கம் இப்போது போகாமை
• வாந்தி, வயிற்று உப்புசம், மலமும் காற்றும் பிரியாமை
• வீக்கத்தின் மேல்தோல் சிவத்தல் அல்லது கருத்தல், காய்ச்சல்
• கைக்குழந்தைக்குக் கட்டியுடன் விடாத அழுகையும் வாந்தியும்

இவற்றுள் எது தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நெரிபட்ட குடல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கிவிடும். நம் நாட்டில் 999 என்ற எண்ணை அழைத்து மருத்துவ ஊர்தி கேட்கலாம். செல்லும் வழியில் உணவோ நீரோ கொடுக்க வேண்டாம்.

செய்யத் தகாதவை

வயிறு தட்டுதல், எண்ணெய் தேய்த்து அமுக்குதல், பிள்ளைப்பேற்றுக்குப் பின் உடம்பு பிடித்துவிடுபவரிடம் அவ்விடத்தை நீவிவிடச் சொல்லுதல், சூடு ஒற்றுதல், சீழ்க்கட்டி என்று கீறுதல் ஆகிய எதுவும் கூடாது. நெரிபட்ட குடலை வலிந்து உள்ளே தள்ளினால், கெட்ட குடல் வயிற்றுக்குள்ளேயே கிடந்து பெருங்கேடு விளைவிக்கும். இடுப்பு வார் கட்டிக்கொள்வதும் தீர்வாகாது.

குடும்பத்தாரும் கொடையாளரும் செய்யக்கூடியவை

அம்மாவைக் குளிப்பாட்டும் மகளும், மாமியாருக்குத் துணைநிற்கும் மருமகளும் ஆண்டிற்கு ஒருமுறையாவது, "அம்மா, உடம்பில எங்கயாவது கட்டி கிட்டி தட்டுப்படுதா? எங்கிட்ட சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். பல பெண்கள் யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் காத்திருக்கிறார்கள். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதிலும், பரிசோதனையின்போது தாதியோ மகளோ உடனிருக்கும்படி கேட்பதிலும் தவறேதுமில்லை.

ஆலயங்களிலும் அறநிலையங்களிலும் மருத்துவ முகாம் நடத்தும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரத்த அழுத்தமும் இனிப்பு நீரும் பார்க்கும் மேசைக்கு அருகிலேயே, திரையிட்ட ஓர் அறையும் அதில் ஒரு பெண் மருத்துவரும் இருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். திறந்த மண்டபத்தில் எந்தத் தாயும் இதனைச் சொல்ல மாட்டார். தோட்டப்புறத்திலோ அடுக்குமாடி வீட்டிலோ தனியே வாழும் முதியவர்களுக்கு, ஸ்கேன் நாளன்று வண்டியும், உடன் சென்று திரும்ப ஒரு துணையும் கொடுத்து உதவுங்கள். மருந்துக்குப் பணம் கொடுப்பதைப் போலவே இதுவும் சிறந்த தருமமாகும்.

கோயில் தூணில் விரிசல் கண்டால் நாம் அதன்மேல் திரை போட்டு மறைத்துவிடுவதில்லை. ஸ்தபதியை அழைத்துக் காட்டுகிறோம். உடம்பையே ஆலயமாகக் கண்ட திருமூலர் வழிவந்த நமக்கு, உடம்பில் தோன்றும் ஒரு கட்டியை உரியவரிடம் காட்டுவதில் வெட்கம் எதற்கு? இம்மலரைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுத் தாயிடமோ, பாட்டியிடமோ இதனைப் படித்துக் காட்டுங்கள்.

அனைவரும் நோயற்ற வாழ்வு பெற எல்லாம்வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக.